எனக்கும் ஒரு வேஷம்

"எனக்கும் ஒரு வேஷம் குடுத்தாத்தான் என் மருமவளை அனுப்புவேன்" என்றாள் தெய்வநாயகி.

வேணுகோபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்க வந்தது ஒன்று, மாட்டிக்கொண்டது இன்னொன்று.

பகலெல்லாம் பட்டுத் தறி, பொழுது சாய்ந்தால் நாடகம் என்று இருப்பவன் அவன். கதை வசனம் டைரக்‌ஷன் எல்லாம் அவன்தான். அவனுடைய மன்றத்தில் அதுவரை பெண் வேஷத்தையும் பச்சையப்பன்தான் கட்டிவந்தார். போன வருஷம் அவர் சேலையில் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தபோது, "மீசைய ஒழுங்கா மழிச்சுகினு வா மாமே!" என்று எவனோ கத்த, சிரிப்பில் நாடகமே படுத்துவிட்டது.

அதனால் இந்த எழுபத்தாறாம் வருஷத்தில் நிஜப் பெண்ணைத்தான் மேடை ஏற்றுவது என்று சபதம். ஆனால் ஆரணியில் எந்த வீட்டில் விடுவார்கள்?

தெருக்குழாயடியில் தெய்வநாயகியின் மருமகள் குணசுந்தரி, பஸ் கண்டக்டர் மாதிரியும் ரேஷன் கடைக்காரர் மாதிரியும் பேசிக்காட்டி ஊரைச் சிரிக்க வைப்பதை அவன் பார்த்திருந்தான். துணிந்து வீட்டுக்கே போய்விட்டான். அவள் புருஷன் திருமலை, "அம்மா சொன்னா சரி" என்று தறியில் குனிந்துகொண்டான். அம்மா சொன்னதுதான் இது.

"பெரியம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த பேஜார்?"

"ஏன், நான் நடிக்கக் கூடாதா? முடியாதுன்னா போ. அவளும் வர மாட்டா."

கதவுக்குப் பின்னாலிருந்து குணசுந்தரியின் கண்கள் கெஞ்சின. வேணுகோபால் ஒரு கொடுமைக்கார மாமியாரை அவசரமாகக் கதைக்குள் நுழைத்தான். ஒரே ஒரு சீன்.

ஒத்திகையில் குணசுந்தரி பொறி பறக்க நடித்தாள். தெய்வநாயகி, மளிகைச் சாமான் சொல்வது போல வசனம் சொன்னாள்.

"ஊரு பூரா இதான் பேச்சு" என்றார் பச்சையப்பன். "கெழவிக்கு மேடைப் பைத்தியம் புடிச்சிருச்சாம். பேரன் எடுக்கற வயசுல பவுடர் கேக்குதாம். பாவம் அந்தப் பொண்ணு, அதையும் இழுத்துகினு அலையுதாம்."

"வேற இன்னா சொல்லுவாங்க? நடிப்பு வரல. ஆசை மட்டும் வண்டி வண்டியா இருக்குது" என்றான் வேணுகோபால்.

தெய்வநாயகி காதிலும் அது விழுந்தது. போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

நாடகத்தன்று ரைஸ் மில் களம் பொங்கி வழிந்தது. பெரணமல்லூரிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டி வந்திருந்தார்கள். "நிஜப் பொம்பளையாமே!" என்று களமே கசகசத்தது. பச்சையப்பன் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டார்.

திரை விலகியது. குணசுந்தரி வாயைத் திறந்த மாத்திரத்தில் விசில் பறந்தது!

மாமியார் சீன் வந்தது. தெய்வநாயகி மேடைக்கு வந்து மருமகளை நோக்கி விரலை நீட்டினாள். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. வசனம் வரவில்லை.

"வீட்டை விட்டு வெளிய போடி... வீட்டை விட்டு வெளிய போடி..." திரைக்குப் பின்னாலிருந்து பச்சையப்பன் எடுத்துக் கொடுத்தார். அவள் காதில் ஏறவில்லை.

"ஏய் கெழவி, எறங்கு!" என்றது கூட்டம்.

போச்சு, எல்லாம் போச்சு என்று வேணுகோபால் தலையில் கை வைத்தான்.

"இன்னா அத்தை, திட்டறதுக்கு வார்த்தை தேடறீங்களா?" என்றாள் குணசுந்தரி. வசனத்திலேயே இல்லாத வார்த்தை! "இருங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? உங்க பங்கையும் நானே திட்டிக்கிறேன்."

சடாரென்று முந்தானையை இழுத்துச் செருகினாள், இடுப்பில் கை வைத்தாள், மாமியாராகவே மாறித் தன்னைத்தானே ஏசத் தொடங்கினாள். அந்தப் பக்கம் நின்று திட்டு, இந்தப் பக்கம் வந்து அழுகை. களம் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. "பாவி கெழவி, நீ நல்லா இருப்பியா!" என்று ஒருத்தி மண்ணை வாரி வீசினாள். தெய்வநாயகி நகராமல் வாங்கிக்கொண்டாள்.

திரை விழுந்தும் கைதட்டல் அடங்கவில்லை. தேவிகாபுரத்துக்காரர் ஒருவர் மேடையிலேயே ஏறிவிட்டார். "எங்க ஊர்த் திருவிழாவுக்கு இதே நாடகம்! இதே பொண்ணு!"

வேணுகோபாலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தெய்வநாயகியிடம் ஓடினான். அவள் ஓரமாக உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தேவிகாபுரத்துல கூப்டறாங்க பெரியம்மா! உங்களுக்கும் இன்னொரு சீன் சேர்த்துடறேன், போதுமா?"

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, ஆளை விடு சாமி. மேடையைப் பார்த்தாலே எனக்கு பயம். நான் இனிமே வரல."

"அப்பறம் எதுக்கு அப்படி அடம் புடிச்சீங்க?"

"மொத மொதல்ல மேடை ஏறற பொம்பளையை ஊரு சும்மா விடுமா? வாய்க்கு வந்ததைப் பேசத்தானே செய்யும். அதான், பேசறதுக்கு நான் ஒருத்தி முன்னால போய் நின்னேன். என்னைப் பேசிப் பேசியே அவங்க வாய் ஓய்ஞ்சு போச்சுது. இனிமே அவளைத் தனியாவே கூட்டிகினு போ."