பொன்னம்பலத்தார் வீட்டு பிறிட்ஜ்

"சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாரும்" என்றார் பொன்னம்பலம்.

சிமியோன் கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தான்.

"காலையும்."

மறுபடி போனான்.

பொன்னம்பலம் ஓய்வுபெற்ற கிளாக்கர். ஊர்ச் சைவ சபையின் தலைவர். தன் வீட்டுப் படலைக்குள் மீன், இறைச்சி என்று மச்சம் வந்து ஒன்பது வருஷம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார்.

சிமியோன் பிறிட்ஜ் திருத்துகிறவன். அவன் மனைவி திரேசம்மா அதே ஒழுங்கை முகப்பில் மீன் விற்கிறவள். அவளை அங்கிருந்து எழுப்பச் சொல்லி அரசாங்க ஏ.ஜி.ஏ. கந்தோருக்குச் சபை ஒரு பெட்டிசம் எழுதியிருந்தது. அதற்குக் கையெழுத்து வாங்கத்தான் பொன்னம்பலத்தாரின் மனைவி செல்வநாயகி காலையிலேயே குடையோடு புறப்பட்டுப் போயிருந்தார்.

"உம்மடை மனிசியிலை எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை, கண்டீரோ. மச்ச மணம் காத்திலை கூட வரக்கூடாது. அவ்வளவுதான்."

"பதினொரு வருஷமா அந்த இடத்திலைதான் இருக்கிறாள் ஐயா. எழுப்பினால் சந்தைக்குத்தான் போகவேணும். அங்கை இடம் குடுக்கமாட்டினம். வீட்டிலை மூண்டு பெட்டைப் பிள்ளையள்..."

"அதைப் பிறகு கதைப்பம். நீர் பிறிட்ஜைப் பாரும்."

சவூதியிலிருந்து மகன் அனுப்பிய பிறிட்ஜ். ஒரு மாதமாக மேலே பிறீசரில் ஐஸ் மலைபோலக் கட்டிக்கிடந்தது. கீழே தண்ணீர்கூடக் குளிரவில்லை. கட்டுகிற ஐஸை இடைக்கிடை உருக்கிவிடுகிற ரைமர் பழுது என்று சிமியோன் முதல் வந்து பார்த்த அன்றைக்கே சொல்லிவிட்டான். றோட்டில் இருக்கிற ஆமிச் செக்கிங் எல்லாம் தாண்டிப் புது ரைமர் கொழும்பிலிருந்து வந்து சேர மூன்று கிழமை எடுத்தது.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினான். பிறகு ஒரு சட்டி சுடுதண்ணீர் கேட்டான்.

"என்னத்துக்கு?"

"ஐஸை உருக்க வேணும் ஐயா."

"உதை ஏன் உருக்குவான்? ரைமரை மாத்தியாச்சுத்தானே?"

"இருக்கிற ஐஸ் போகாமல் குளிர் கீழை இறங்காது ஐயா."

பொன்னம்பலம் பிறிட்ஜுக்கு முன்னால் வந்து நின்றார். "அப்ப நீர் போம். நானே ஆறுதலா உருக்குறன்."

"கரண்ட் நிக்க முதல் ஓடவிட்டுப் பாக்கவேணும் ஐயா" என்றபடி சிமியோன் தானே தண்ணீரைச் சுடவைத்து, சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான்.

பத்து நிமிஷம் கழித்துத் திறந்தான். பெரிய ஐஸ் கட்டியொன்று கழன்று நிலத்தில் விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து ஒரு பொலித்தீன் பாசல். அதற்குள் ஐந்து துண்டு பொரித்த அறக்குளா மீன்.

சிமியோன் பொன்னம்பலத்தைப் பார்த்தான். பொன்னம்பலம் கூரையைப் பார்த்தார்.

"சிமியோன்..." அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "உடம்பிலை ரத்தம் காணாது, மீன் சாப்பிடும் எண்டு டொக்டர் சொன்னவர். மனிசிக்குத் தெரிஞ்சால் உயிரை விட்டிடும். அது வலு ஆசாரம்."

"நான் ஒண்டையும் காணேல்லை ஐயா."

பாசல் சிமியோனின் ஸ்பேனர் கிடக்கிற ஆயுதப் பைக்குள் போனது. பொன்னம்பலம் சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

அவர் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கத்தால் செல்வநாயகி வந்தார்.

"நாப்பத்திரண்டு கையெழுத்து! ஒரு வீடு மிச்சமில்லை..."

திறந்துகிடந்த பிறீசரைக் கண்டதும் குடை ஒரு பக்கம் விழுந்தது. ஓடிப்போய் இடதுபக்க மூலைக்குள் கையை விட்டு, நகத்தால் ஐஸைக் கிண்டி, இன்னொரு பாசலை இழுத்தெடுத்துச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தார். திரும்பினால், பிறிட்ஜ் கதவுக்குப் பின்னால் சிமியோன்.

"தம்பி... எனக்குச் சோறு இறங்குதில்லை, அதுதான் ஒரு துண்டு... அவர் அறிஞ்சால் இந்த வீட்டிலை எனக்கு இடமில்லை. அவர் சுத்தச் சைவம்."

"நான் ஒண்டையும் காணேல்லை அம்மா."

செல்வநாயகி பெட்டிசத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்து மாட்டடிக்குப் போனார். கொஞ்சத்தில் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ! பெட்டிசத்தைப் பசு திண்டிட்டுது!"

"திண்டால் திண்டிட்டுப் போகட்டும்!" என்றார் பொன்னம்பலம் கிணற்றடியிலிருந்து. "வாயில்லாத சீவன். அடிச்சுக்கிடிச்சுப் போடாதை!"

"திருப்பி எழுத வேண்டாமே?"

"இப்ப அதுக்கென்ன அவசரம்?"

பின்னேரம் சிமியோன் வீட்டுக்குப் போனபோது திரேசம்மா மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இனி உன்னை ஒருத்தரும் எழுப்பேலாது. பெட்டிசம் மாட்டு வயித்துக்கை. ஏனெண்டு சொன்னால் நம்பமாட்டாய்!"

ஒன்று விடாமல் சொல்லி முடித்தான். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"ஐயாவுக்குச் சனி, அம்மாவுக்குப் புதன். ரெண்டு வருஷமா நான்தானே பொரிச்சுக் கட்டிக் குடுக்கிறனான்."

சிமியோன் ஆயுதப் பையைப் பொத்தென்று நிலத்தில் வைத்தான்.

"அடி விசரி! உன்னையே எழுப்பவெல்லோ ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினவை? நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்குமே!"

திரேசம்மா பெட்டியைக் காயக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு ரெண்டு பேரும் கேட்டவையப்பா. ஓமெண்டு சொல்லிப்போட்டனே."