அந்தோணியார் வந்த வழி

"இதை மட்டும் மலர்ல போட்டுடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்!" என்று மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார் கோயில் உபதேசியார் சிட்டிபாபு.

பிரேமலதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடிபாலா பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அந்தோணியார் கோயிலுக்கு இந்த ஜூனோடு நூறு வயது. நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை டீச்சரான அவள் தலையில் விழுந்திருந்தது. கோயில் அலமாரியைக் குடைந்தபோது, அந்தக் காலத்துப் பங்குச் சாமியார் எழுதி வைத்த ஒரு கடிதம் அகப்பட்டது.

"நடந்ததைத்தானே எழுதப் போறேன்? ரயில்ல ரெண்டு சாமி சுரூபம் வந்திருக்குது. நமக்கு சூசையப்பர், கங்காதர நெல்லூர் பக்கத்துக் கோயிலுக்கு அந்தோணியார். மாட்டு வண்டிக்காரங்க பெட்டியை மாத்தி ஏத்திக்கினு வந்துட்டாங்க. இங்க தொறந்தா அந்தோணியார்! ஜனங்க அவரை வுடவே இல்ல, கோயிலுக்கும் அவர் பேரையே வெச்சுட்டாங்கன்னு சாமியாரே எழுதியிருக்காரு."

"தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரே வழி தவறி வந்தவருன்னு எழுதுவியா? ஊரே சிரிக்கும்!"

முதலில் சிரித்தது பிரேமலதாதான். சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் "அந்தோணி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குச் சித்தூரிலிருந்து இந்துக் குடும்பங்கள்கூட ஆட்டோ பிடித்து வரும்.

"அந்த ஊர்க்காரங்க மலரைப் படிச்சுட்டு, 'எங்க அந்தோணியாரைக் குடுங்க'ன்னு வந்து நின்னா இன்னா பண்ணுவே?"

வாசலில் பைக் வந்து நின்றது. இறங்கியவர் தமிழரசு. அதே கங்காதர நெல்லூர் பக்கத்துக் கோயிலின் உபதேசியார்! பிரேமலதா கடிதத்தை நோட்டுக்குள் செருகினாள்.

"வாங்கண்ணா! இன்னா திடீர்னு?" என்று வரவேற்றார் சிட்டிபாபு.

"நூறு வருசம் ஆகுதே, ஒரு தபா பார்த்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

கோயிலுக்குள் போனவர் அந்தோணியாரையே பார்த்துக்கொண்டு நின்றார். வியர்வையைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். சிட்டிபாபு நைசாக நகர்ந்து சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வரலாறு எழுதறீங்களாமே? பழைய பேப்பர் ஏதாச்சும் கெடைச்சுதா?" என்று கேட்டார் தமிழரசு.

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாத்தையும் கரையான் துன்னுடுச்சு!"

கோயிலுக்குள்ளேயே பொய்! பிரேமலதாவுக்குப் பொறுக்கவில்லை.

"கெடைச்சுதுண்ணா. ஒரு லெட்டர்," என்று நோட்டிலிருந்து உருவி நீட்டிவிட்டாள்.

தமிழரசு படித்தார். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார். சிட்டிபாபு அழுதுவிடுவார் போலிருந்தது.

"அண்ணா, எங்க ஜனங்க தாங்க மாட்டாங்கண்ணா..."

தமிழரசு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அதே சாமியார், அதே கையெழுத்து.

"எங்க அலமாரியிலும் ஒண்ணு இருந்துச்சு, தம்பி. நீங்க வரலாறு எழுதறீங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல," என்றவர், சட்டென்று சிட்டிபாபுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன். எங்க சூசையப்பரை மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க!"