சுண்ணாம்பு பூசிய மூடி

"ஒரு குடம்தான் தங்கச்சி. கழுதைக்குக் கால் வீங்கிக் கெடக்குது. வீட்டுக்காரி தமாமுக்கு வேற காய்ச்சல். இன்னிக்கு மட்டும்."

நிஜ்மே தன் தொட்டியின் மூடிக்கல்மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க வீட்லயும்தான் தொட்டி இருந்துச்சு அண்ணே. வச்சுக்கத் துப்பில்லாம அடச்சது யாரு?"

பக்கத்து வீட்டு ஷிஹாதே வெறும் குடத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

தெற்கே கரக் ஊரைவிட்டு வந்து இந்த மாதபா மேட்டில் குடியேறியபோது, முன்காலத்து ஜனங்கள் பாறையில் குடைந்துவிட்டுப் போன தொட்டிகள்தான் எங்களுக்குக் கிடைத்த சொத்து. அவற்றின் மேலேயே வீட்டைக் கட்டிக்கொண்டோம். மாரியில் கூரைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக உள்ளே இறங்கும். கோடை முழுக்க அதுதான்.

ஷிஹாதே மட்டும் விசித்திரமான ஆள். தன் தொட்டியைத் தூர் வார விளக்கோடு இறங்கினார். ஏறி வந்தவர் முகமே சரியில்லை. மறுநாள் வாயில் ஒரு பலகைக்கல்லைப் போட்டுச் சுற்றிலும் சுண்ணாம்பு பூசிவிட்டார். கேட்டதற்கு, பாறையில் விரிசல், தண்ணீர் நிற்காது என்றார்.

சரி, விரிசலை அடைக்கலாமே? அதற்கு உடம்பு வணங்கவில்லை. பள்ளத்தாக்கு ஊற்றுக்குக் கழுதையை ஓட்டிக்கொண்டு நடந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மழைக்காலம் வந்தால் ஊரிலேயே முதல் ஆளாகக் கூரையைப் பெருக்குவார். முதல் மழையைத் தெருவில் விட்டுவிட்டு, அடுத்த மழையை அந்த ஓட்டைத் தொட்டிக்கே திருப்பிவிடுவார். ஊரே சிரித்தது.

நிஜ்மேவைச் சொல்லியும் குற்றமில்லை. புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, நாலு பிள்ளைகள். கீழத்தெருவில் நடந்ததை அவளும் பார்த்தவள்தானே. அங்கே ஒரே தொட்டிக்கு இரண்டு வீட்டில் வாய் இருந்தது. சரிபாதி என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு கயிறும் போட்டி போட்டு இறங்கியதில், திராட்சை பழுக்குமுன் தொட்டி வறண்டுவிட்டது.

"இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே குடத்தோட நிக்கும். எம்புள்ளைங்க நாக்கு வறண்டு போகணுமா?"

"வேணாம் தங்கச்சி. அவங்க நல்லா இருக்கணும்," என்றார் ஷிஹாதே.

அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கழுதை இல்லாமலே ஊற்றுக்கு இறங்கினார். பொழுது சாயும்போது அவரை நாலு பேர் போர்வையில் தூக்கி வந்தார்கள். நிறைகுடத்தோடு ஏறும்போது சறுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது. தமாம் காய்ச்சலோடு எழுந்து வாசலில் நின்றாள்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. உழவும் முடியாது, ஊற்றுக்கு நடக்கவும் முடியாது. மாரிக்கு முன்பே புருஷனும் பெண்டாட்டியுமாகக் கரக்குக்கே திரும்பிப் போனார்கள். வீட்டை மித்ரி என்பவர் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போகிற அன்று நிஜ்மே வழியனுப்ப வரவில்லை. சோம்பேறிக்கு இந்த மண் ஒட்டாது என்று மகன் நிம்ரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நிஜ்மே தண்ணீர் சேந்தினாள். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மழை வரும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கல்லைப் புரட்டுகிற சத்தம்.

எப்போதும் இருட்டாக இருக்கும் அவளுடைய தொட்டிக்குள் திடீரென்று வெளிச்சம் விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வாளிக்குப் பக்கத்தில், அவளுடைய தண்ணீருக்குள், இன்னொரு வாளி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாரது?" என்றாள். குரல் உள்ளே போய் எதிரொலித்தது.

"நான்தான் நிம்ர் அம்மா, மித்ரி." பதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது, தொட்டிக்குள்ளிருந்தும் வந்தது. "விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே தொட்டிக்கு ரெண்டு வாய். பாதி எங்களுதாச்சே!"

நிஜ்மேவின் கையிலிருந்து கயிறு நழுவியது.

மித்ரியின் வாளி பாதியில் நின்றது. பிறகு அவர் குரல் இறங்கிப்போய்க் கேட்டது.

"போறப்ப ஷிஹாதே எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டார். பக்கத்துல நாலு சின்னப் புள்ளைங்க இருக்கு, இந்த மூடியத் தெறந்துராதீங்கன்னார். புள்ளைங்க உள்ள விழுந்துரும்னு பயப்படறார்னுதான் நான் நெனச்சேன்."