மாதிரிக் காட்சி

முதலில் துரோகம் செய்தது அந்த டி.வி. செய்தியாளன்தான்.

"அண்ணே, இந்தப் போனைப் பிடுங்கிட்டு ஓடுங்க. புது வசதி வந்திருக்கு. கையிலேர்ந்து பறிச்சா தானாப் பூட்டிக்கும். அதை ஜனங்களுக்குக் காட்டணும்" என்று குடியிருப்பு வாசலில் வந்து கெஞ்சினான்.

காவலாளிக்கு ஐம்பத்தொன்பது வயது. முட்டிவலியோடு மூன்று தடவை ஓடினார். மூன்றாவது தடவைதான் போன் பூட்டிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் திருட்டு முழி முழிங்கண்ணே" என்று வேறு கேட்டான். அதையும் முழித்துக் கொடுத்தார்.

அன்றைக்குப் படத்தின் கீழே 'மாதிரிக் காட்சி' என்று போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்த இரண்டு சொல்லைக் காணவில்லை. எங்கே போன் திருடு போனாலும் செய்தியில் ஓடியது இவர்தான். அந்த வசதியை எப்படிப் போட்டுக்கொள்வது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஓடியவர் முகம் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

இன்று காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிட்டார்.

"பெரியவரே, உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியணுமே. அது வெறும் நடிப்புதான்னு டி.வி. ஆபீஸ்ல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. ஆறு மணிக்குக் கூட்டம். இல்லைன்னா விசிலைக் குடுத்துட்டுப் போயிடுங்க."

இப்போது டி.வி. அலுவலக வரவேற்பறையில் மணி ஐந்து.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"சார் மீட்டிங்ல இருக்கார். உக்காருங்க." வரவேற்பறைப் பெண் நிமிரவே இல்லை. மூன்றாவது தடவையாக அதே பதில்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

எங்கேயோ பார்த்த முகம்.

சட்டென்று பொறி தட்டியது. போன வாரச் செய்தி. பின்னால் நின்று போனின் பூட்டு எண்ணைத் திருடும் கும்பல். பஸ்ஸில் ஒருவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள் இவளேதான்.

காவலாளி சட்டைப் பையிலிருந்த தன் போனை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். மேலே கையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் வச்சிருங்க. தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

பதிலுக்குக் காத்திராமல் தன் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

அவர் அந்தப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரிடம் அடித்த போனோ. நம்மை மாட்டிவிட்டு நழுவப் பார்க்கிறாளா? இந்த மூஞ்சியோடு திருட்டுப் போன் கையில் இருந்தால் யார் நம்புவார்கள்?

மேஜைக்கு ஓடினார்.

"அம்மா, அந்தப் பொம்பளை பலே திருடி. உங்க செய்தியிலயே காட்டினீங்க. திருட்டுப் போனை என் கையில திணிச்சுட்டுப் போறா. வெளியே விடாதீங்க."

வரவேற்பறைப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். வாசலில் இருந்த செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள்.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவளை அவன் மறித்தான்.

"இது யாரு போன்?"

"என்னோடதுதான்." காவலாளி கையிலிருந்து வாங்கிக் கட்டைவிரலை வைத்தாள். திறந்துகொண்டது. திரையில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள்.

"டி.வி.ல வந்தது நீதானே?" என்றான் செக்யூரிட்டி.

"நான்தான். இதே ஆபீஸ்ல ரெண்டாவது மாடி கூட்டிப் பெருக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போய், எட்டிப் பாரும்மான்னார் சார். பாத்தேன். இப்ப எந்த வீட்லயும் என்னை வேலைக்குச் சேத்துக்க மாட்டேங்கறாங்க. நான் திருடி இல்லைன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மேஜைத் தொலைபேசி அடித்தது. வரவேற்பறைப் பெண் எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தாள்.

"சார் பின்வாசல் வழியா ஷூட்டிங் கிளம்பிட்டாராம். ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க."

"எனக்கு ஆறு மணிக்குள்ள வேணும்மா. வேலையே போயிடும்."

"நாளைக்கு வாங்க பெரியவரே."

படியில் இறங்கும்போது காவலாளியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பழியை அவள் மேலேயே போட்டுப் பார்த்தார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட யாராச்சும் போனைக் குடுப்பாங்களாம்மா? அதான் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

"தெரியாத ஆளுன்னு யாருண்ணே சொன்னது?" என்றாள் அவள். "நீங்க போனைப் பிடுங்கிட்டு ஓடறதை டி.வி.ல எத்தனை தடவை பாத்திருக்கேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."