படகுக்கு ஒரு காவல்

"இந்தப் பெயின்டை யாரு அடிச்சது?"

பாரம்பரியக் குழுவின் தலைவி கேட்ட தொனியை, கேப்டன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"நான்தான் மேடம். நீங்க வர்றீங்கன்னு ராப்பகலா உட்கார்ந்து அடிச்சேன். பழசைச் சுத்தமா சுரண்டிட்டேன்."

"சுரண்டிட்டீங்களா?"

"துளி விடலை."

தலைவி கண்களை மூடிக்கொண்டார். கூட வந்த கண்ணாடிக்காரர், போன தலைமுறைப் பெயின்ட் போய்ச் சேர்ந்த துக்கத்தில் தள்ளாடிக் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார். அது இன்னும் காயவில்லை.

அது ஒரு மர இழுவைப் படகு. தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய கப்பல்களை மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி துறைமுகத்துக்குள் இழுத்து வந்தது ஒரு காலம். இப்போது அதை நகர்த்தவே இன்னொரு படகு வேண்டும். அதை நினைவுச் சின்னமாகக் காப்பதா, உடைத்து விற்பதா என்று முடிவு செய்யத்தான் குழு வந்திருந்தது.

காப்பது என்றால் படகிலேயே தங்க ஒரு காவலாள் வேண்டும். பலகை இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். காலையும் மாலையும் பம்ப் போட்டு வெளியேற்றாவிட்டால், படகு சத்தமில்லாமல் மூழ்கிவிடும்.

அந்தக் காவலாள் யார் என்பதில் கேப்டனுக்குச் சந்தேகமே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் ஆறு வருடமாக அவர் இங்கேதான் படுக்கிறார். கேட்டால், "படகைத் தனியா விட மனசு வருமா?" என்பார். அவருடைய அக்காவும் அத்தானும் நாலு நாள் தங்கிப் போகிறோம் என்று அவர் வீட்டுக்கு வந்ததும் சரியாக ஆறு வருடத்துக்கு முன்புதான். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசும் துணிச்சல் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

அவர் மனைவிக்கு அந்தப் படகு என்றாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாகத் தலைகீழாக மாறியிருந்தாள். படகைக் காப்பாற்றச் சொல்லித் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினாள். குழுவின் கூட்டங்களுக்கு ஒன்று விடாமல் போனாள். இன்றும் ஃப்ளாஸ்க் நிறையக் காபியோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். நம் அருமை இப்போதாவது தெரிந்ததே என்று கேப்டன் உள்ளூர உருகிப்போனார்.

"இது அந்தக் காலத்துச் சுக்கான் சக்கரம்தானே?" என்று தலைவி ஆசையோடு கேட்டார்.

"அது உளுத்துப்போச்சு மேடம். இது நானே புதுசா செஞ்சது."

"பழசு எங்கே?"

"வெந்நீர் போட எரிச்சுட்டேன்."

"பித்தளை விளக்குங்க?"

"பிளாஸ்டிக்கா மாத்திட்டேன். களிம்பே ஏறாது."

கண்ணாடிக்காரர் நடுங்கும் குரலில், "இந்தப் படகை உடனே காப்பாத்தணும் மேடம்" என்றார்.

"அதைத்தாங்க நானும் தலைதலையா அடிச்சுக்கிறேன்" என்றார் கேப்டன்.

தலைவி பெருமூச்சு விட்டார். "சரி, நாளைக்கு ஒரு பலகையில விரிசல் விடுது. என்ன செய்வீங்க?"

"அந்த நிமிஷமே பிடுங்கி எறிஞ்சுட்டுப் புதுசு போட்டுருவேன்."

தலைவி திரும்பி, "நீங்கம்மா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் என்ன மேடம் செய்யப்போறேன். பம்ப்பைப் போடுவேன். வேற எதையும் தொட மாட்டேன். உங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு, நீங்க வர்ற வரைக்கும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்."

கேப்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவளுக்கு என்ன மேடம் தெரியும், அவளைப் போய்க் கேட்டுக்கிட்டு."

குழு படகின் முனைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசியது. கேப்டன் காதைத் தீட்டிக்கொண்டார். படகை உடைத்துவிட்டால் ஆயுளில் பாதி போன மாதிரி. அதைவிட மோசம், வீட்டுக்குப் போக வேண்டும். நினைக்கும்போதே வியர்த்தது.

"கவலைப்படாதீங்க. கண்டிப்பா கிடைக்கும்" என்றாள் மனைவி. குரலில் அவரைவிட அதிக ஏக்கம் இருந்தது. பாவம், எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

தலைவி திரும்பி வந்தார். "படகைப் பாதுகாக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம்."

கேப்டனின் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் பார்க்க மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காவலுக்கும் ஆள் போட்டாச்சு. இங்கேயே தங்கணும். குடும்பம், விருந்தாளி யாரும் கூடத் தங்கக் கூடாது. முக்கியமா, இந்தப் படகில வேலை பார்த்தவங்க யாரும் இனிமே கால் வைக்கக் கூடாது. இருக்கிற மிச்சத்தையாவது காப்பாத்தியாகணும்."

கடைசிப் பகுதி கேப்டனின் காதில் ஏறவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். சாவி அவர் கையைத் தாண்டி மனைவியிடம் போனது.

"வேலைக்கு மனு போட்டவங்க இவங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுத் தலைவி படகை விட்டு இறங்கினார்.

கேப்டனின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. மனைவி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காலி ஃப்ளாஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க அக்காவுக்குக் காபியில சக்கரை போட்டுடாதீங்க, உங்க அத்தானுக்கு ரெண்டு ஸ்பூன். சாப்பிட்டு முடிச்சதும் அக்கா பழைய கதை ஆரம்பிப்பாங்க, நடுவுல கண் அசந்தீங்கன்னா மொதல்ல இருந்து சொல்லுவாங்க."

"நீ இந்தப் படகு மேல வச்சிருந்த பாசம்..."

"நீங்க எதுக்காக ஆறு வருஷமா இங்க வந்து படுத்தீங்களோ, அதே பாசம்தாங்க" என்றாள் அவள்.