உச்சிக்கல்லின் உள்பக்கம்

"அக்கா, சங்கிலி நழுவுது! சீக்கிரம் இழு!"

யார்க்ஷயரில் ஆறு மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. பழுதுபார்ப்பதற்காகப் பிரித்துக்கொண்டிருந்த கல் நடைபாலத்தின் மரச்சாரம் முறிவதற்குள், கல்தச்சு வேலை செய்யும் பிரையனியும் தங்கை ஹெட்டியும் வளைவின் உச்சிக்கல்லைப் பெயர்த்துக் கரையேற்றினார்கள். 1871இல் பூட்டிய கல். அதன்பின் யாரும் அதை அசைத்ததில்லை.

"உன் புருஷன் இருந்தா ஒத்தக் கையில தூக்கியிருப்பான்" என்றாள் ஹெட்டி.

"அவன் தூக்கிட்டுப் போனது என் உளிகளைத்தான்டி."

கார்த் ஓடிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வாரமே சலூன் வேலையை உதறிவிட்டு, அக்காவுக்குத் துணையாக வந்தவள் ஹெட்டி.

கல்லின் உள்பக்கத்தில் இறுகிக் கிடந்த சுண்ணாம்பைப் பிரையனி சுரண்டினாள். கல்தச்சர்கள் தங்கள் அடையாளத்தை வெட்டிவைப்பது அங்கேதான். மூன்று விரல் கோழிக்கால் ஒன்று தெரிந்தது. அது கார்த்தின் அடையாளம். அதன்கீழ் அவனுடைய கோணல் எழுத்து: 'ஹெட்டி, இங்கே 1871இல் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீயும் வந்துவிடு.'

பிரையனி உதிர்ந்த சுண்ணாம்பை எடுத்துப் பார்த்தாள். யாரும் தொடாத பழைய சுண்ணாம்புதான்.

ஹெட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அப்பாடா!" என்றாள். "எந்தப் பாலத்துல எழுதியிருக்கானோன்னு தேடத்தான் அக்கா, இத்தனை நாளும் உன்கூட வந்தேன்."