தாம்பூலப் பை

லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது வாரமாகத் திருவக்கரைக் கோயிலுக்கு வந்த சக்கரபாணிக்கு, சாப்பிடப் போன மரத்தடியைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ இழுத்து வந்த துணிப்பையை நாய் கிழித்துப் போட்டிருந்தது. ஊசிப்போன புளிசாதத்தில் புழு நெளிந்தது. பக்கத்திலேயே குழந்தையின் டயப்பர்.

“த்தூ! மனுசங்களா இவங்க? துன்னுட்டு அப்பிடியே போட்டுட்டுப் போயிருக்கானுங்க!”

போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

“கலை, பையில பேரு இருக்குது பாரு. சத்தமா படி. திண்டிவனம் குரூப்புல போட்டு மானத்த வாங்குறேன்.”

அவரால் படிக்க முடியாது. போன ஞாயிறு இங்கே வந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. குரங்குதான் தூக்கிப் போயிருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

மனைவி கலைமதி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

“சக்கரபாணி - கலைமதி இல்லத் திருமண விழா... பிளாஸ்டிக் வேணாம்னு சின்னவ கல்யாணத்துல நாம குடுத்த தாம்பூலப் பைங்க.”

“ஐந்நூறு பேருக்குக் குடுத்தோம். எந்த நாதாரியோ நம்ம பேரக் கெடுத்துட்டுப் போயிருக்குது!”

அவள் குச்சியால் கிளறி, புளிசாதத்துக்குள்ளிருந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

“குரங்கு எடுத்துக்கினு போவலீங்க. இதோ இருக்குது உங்க கண்ணாடி.”